பதில் சொல்ல வேண்டியவர் யார்?

ரமலான் நெருங்கும்போது தமிழ் முஸ்லிம்களின் கைபேசிகளில் எண்களின் பட்டியல் ஒன்று வலம் வரத் தொடங்கும். 120, 441, 471, 542, 631, 920. ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே ஹராம் என்றோ சந்தேகத்துக்குரியது என்றோ ஒரு தீர்ப்பு எழுதப்பட்டிருக்கும். அதை மனத்தில் வைத்துக்கொண்டு மேட்டூரின் மளிகைக் கடையில் நூடுல்ஸ் பாக்கெட்டையும் சிப்ஸ் பாக்கெட்டையும் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கண்ணைச் சுருக்கிப் படிப்பவர்களை ஏளனமாகப் பார்க்கிறவர்கள் உண்டு. அந்த ஏளனத்தோடு எனக்கு உடன்பாடில்லை. வாய்க்குள் போவது எங்கிருந்து வந்தது என்று கேட்பது நாணயமான கேள்வி. ஆனால் அந்தக் கேள்விக்கு எது சான்று, எதுவரை துருவ வேண்டும், பதில் சொல்லும் பொறுப்பு யாருடையது என்ற மூன்றையும் அந்தப் பட்டியல் தொடுவதே இல்லை. வாங்குகிறவர் தன் கைக்கு எட்டும் சான்றைப் பார்க்கக் கடமைப்பட்டவர். கைக்கு எட்டாததைக் கற்பனை செய்து விலக்கும் கடமை அவருக்கு இல்லை. எட்டாதபடி ஒருவர் மறைத்து வைத்திருந்தால் அவரிடம் கணக்குக் கேட்பதுதான் மார்க்கம் காட்டும் வழி. இதுவே என் வாதம்.

குர்ஆன் உணவில் விலக்கியவை குறைவு. அல்பகரா அத்தியாயத்தின் 173-ஆம் வசனமும், அதே கருத்தைச் சொல்லும் வேறு மூன்று இடங்களும், தானாகச் செத்தது, இரத்தம், பன்றி இறைச்சி, அல்லாஹ் அல்லாதவரின் பெயரில் அறுக்கப்பட்டது ஆகிய நான்கையே பெயர் சொல்லி விலக்குகின்றன. மாயிதா அத்தியாயம் செத்தவற்றின் வகைகளை விரித்துச் சொல்லி, மதுவையும் விலக்குகிறது. நபிமொழிகளில் வரும் சில விலக்குகளையும் சேர்த்துக்கொண்டால் பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிடும். இவற்றிலிருந்து சட்ட அறிஞர்கள் இரண்டு விதிகளை வகுத்தார்கள். பொதுவாகப் பொருட்களின் இயல்பு நிலை அனுமதி. விலக்கு என்று சொல்பவரே சான்று காட்ட வேண்டும். இறைச்சியில் இது தலைகீழாகும். முறைப்படி அறுக்கப்பட்டது என்று தெரியும்வரை அதன் இயல்பு நிலை விலக்கு. கேழ்வரகுக்கும் கடலைக்கும் யாரும் சான்று கேட்பதில்லை, ஆட்டுக்கறிக்குக் கேட்கிறோம். மேச்சேரி ஆட்டுக்கறி வாங்குகிற மேட்டூர்க்காரருக்கு இந்த இரண்டாவது விதி பாரமாகத் தெரிவதில்லை, ஏனென்றால் பிஸ்மி சொல்லி அறுப்பவர் யார் என்று அவருக்குத் தெரியும். பாக்கெட் உணவில்தான் சிக்கல். ஒரு சேர்மானம் கடலையின் விதிக்குக் கட்டுப்பட்டதா, கறியின் விதிக்குக் கட்டுப்பட்டதா என்பதே அங்கே தெரியாமல் போகிறது.

இந்தியாவில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கருவி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. முஸ்லிம்களுக்காக உருவாக்கப்பட்டதில்லை என்பதாலோ என்னவோ, நாம் அதைப் போதிய அளவு மதிப்பதில்லை. பாக்கெட் உணவின் மேல் சைவ, அசைவக் குறி இட வேண்டும் என்ற கட்டாயம் 2001-இல் வந்தது. இன்று அது 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. சைவத்துக்குப் பச்சை வட்டம். அசைவத்துக்கு முன்பு பழுப்பு வட்டம் இருந்தது, 2020-ஆம் ஆண்டின் விதிகள் அதைப் பழுப்பு முக்கோணமாக மாற்றின. விலங்கு, பறவை, கடல்வாழ் உயிர், முட்டை ஆகியவற்றின் பகுதியோ அவற்றிலிருந்து எடுத்த பொருளோ உணவில் இருந்தால் அது அசைவம். பால், பால் பொருட்கள், தேன், தேன்மெழுகு, கார்னாபா மெழுகு, அரக்கு ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஒரு முஸ்லிமின் கண்ணோடு இந்த வரையறையைப் படித்தால் அதன் பயன் விளங்கும். பச்சைக் குறி உள்ள பாக்கெட்டில் பன்றிக் கொழுப்பும் இருக்கக் கூடாது, அறுப்பு தெரியாத மாட்டின் ஜெலட்டினும் இருக்கக் கூடாது, பூச்சியிலிருந்து எடுக்கும் 120 என்ற சிவப்புச் சாயமும் இருக்கக் கூடாது. அதாவது பச்சைக் குறி உள்ள உணவு கடலையின் விதிக்குக் கீழே நிற்கிறது. பழுப்புக் குறி வந்ததும் விதி மாறக்கூடும், அங்கேதான் கேள்வி தொடங்க வேண்டும். தொடங்க வேண்டுமே தவிர, அங்கேயே ஹராம் என்று முடிந்துவிடக் கூடாது. முட்டை சேர்த்த கேக்கும் பழுப்புக் குறிதான் தாங்கும். நாடெங்கும் முட்டை அனுப்பும் நாமக்கல்லை அருகில் வைத்துக்கொண்டு, முட்டையால் வந்த முக்கோணத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

இனி அந்த எண்களுக்கு வருவோம். அவை ஒரு பொருளின் வேதியியல் பெயருக்குப் பதிலாக உலக அளவில் ஒப்புக்கொண்ட குறியீடுகள். பொருள் என்ன என்பதை அவை சொல்லும், எதிலிருந்து எடுத்தார்கள் என்பதைச் சொல்லாது. 631-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டைசோடியம் இனோசினேட் என்ற அந்தச் சுவைகூட்டி மீனிலிருந்தும் வரலாம், கால்நடை இறைச்சியிலிருந்தும் வரலாம், மாவுச்சத்தையோ சர்க்கரைப் பாகையோ நுண்ணுயிர்களைக் கொண்டு நொதிக்கவைத்தும் வரலாம். மீனிலிருந்து வந்தால் பழுப்புக் குறி இருந்தாலும் ஹலால். பன்றியிலிருந்து வந்தால் எந்தக் குறி இருந்தாலும் ஹராம். நொதித்தலுக்குப் பயன்படும் மாவுச்சத்துகளில் மரவள்ளிக் கிழங்கின் மாவும் உண்டு. சேலம், நாமக்கல் சமவெளியில் மானாவாரிக் காடுகளிலும் கிணற்றுப் பாசனத்திலும் விளைகிற அதே மரவள்ளி! பச்சைக் குறி உள்ள சிப்ஸ் பாக்கெட்டில் 631 என்று கண்டதும் பன்றியை நினைக்கிற ஒருவர், தன் ஊர் வயலில் நிற்கும் செடியின் இனத்தைப் பன்றி என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். 471-உம் அப்படியே. அந்தப் பால்மமாக்கிக்குத் தேவை ஏதோ ஒரு கொழுப்பு. அது பாமாயிலாக இருக்கலாம், சோயா எண்ணெயாக இருக்கலாம், மாட்டுக் கொழுப்பாகவும் இருக்கலாம். எண் ஒன்றே, மூலம் மூன்று. ஆகவே எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதும் பட்டியலுக்கு மார்க்கச் சான்று என்ற தகுதி கிடையாது. இது ஹலால், அது ஹராம் என்று நாவு போன போக்கில் பொய்யுரைக்க வேண்டாம் என்று அந்நஹ்ல் அத்தியாயத்தின் 116-ஆம் வசனம் கண்டிக்கிறது. ஹராமை ஹலால் என்பதை எவ்வளவு கடுமையாகப் பார்க்கிறதோ, ஹலாலை ஹராம் என்பதையும் அது அவ்வளவு கடுமையாகவே பார்க்கிறது. பேணுதலின் பெயரால் பட்டியலை அடுத்தவருக்கு அனுப்பும் விரல்கள் இந்தக் கண்டிப்பை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதற்கு எழும் முதல் மறுப்பு நியாயமானது. பச்சைக் குறியை இடுவது யார்? பொருளைச் செய்யும் நிறுவனமே. மார்க்கத்தில் அக்கறை இல்லாத ஒரு முதலாளியின் சொல்லை நம்பி உண்ணலாமா? இந்தக் கேள்வி புதிதில்லை. ஹனஃபி சட்ட நூல்களில் பெரிதும் மதிக்கப்படும் ஹிதாயா, நெருப்பை வணங்கும் மஜூஸி ஊழியர் ஒருவரைக் கறி வாங்க அனுப்பும் கதையை எடுத்து ஆராய்கிறது. முஸ்லிமிடமோ யூதரிடமோ கிறிஸ்தவரிடமோ வாங்கினேன் என்று அவர் வந்து சொன்னால் அந்தக் கறியை உண்ணலாம் என்று முடிவு சொல்கிறது. அவர் அறுத்ததை உண்ணக் கூடாது, ஆனால் கொடுக்கல் வாங்கலில் அவர் சொல்லும் செய்தியை ஏற்கலாம். ஏற்காவிட்டால் வாழ்க்கை நடக்காது என்பதே காரணம். கறி என்னும் கடினமான விதியிலேயே இப்படி என்றால், சட்டத்தின் தண்டனைக்கு உட்பட்டு அச்சிடப்பட்ட ஒரு குறியை ஏற்க என்ன தடை? ஆயிஷா (ரலி) அறிவிக்கும் நபிமொழி ஒன்று இதைவிட எளிமையானது. புதிதாக இஸ்லாத்துக்கு வந்தவர்கள் கொண்டுவரும் கறியில் அல்லாஹ்வின் பெயர் சொல்லப்பட்டதா என்று தெரியவில்லையே என்று சிலர் கேட்டபோது, நீங்கள் பெயரைச் சொல்லி உண்ணுங்கள் என்பதே பதிலாக வந்தது. ஆள் அனுப்பி விசாரித்து வரும்படி நபி (ஸல்) சொல்லவில்லை.

ஏமாற்று நடந்ததே இல்லையா என்றால், நடந்திருக்கிறது. 1983-இல் வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான மாட்டுக் கொழுப்பு வனஸ்பதியில் கலக்கப்பட்ட செய்தி நாட்டையே உலுக்கியது. சைவ உணவுக்காரர்களின் மனம் புண்பட்ட அந்த நாட்களில் அரசு அந்த இறக்குமதியைத் தடை செய்ய நேர்ந்தது. அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் உருளைக்கிழங்கு வறுவலில் மாட்டிறைச்சிச் சாறு சார்ந்த சுவையூட்டியைச் சேர்த்து வந்தது 2001-இல் வெளிப்பட்டது. இந்துக்களும் சைவ உணவுக்காரர்களும் வழக்குத் தொடுத்தார்கள், அடுத்த ஆண்டு நிறுவனம் 1 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. இந்த நிகழ்ச்சிகளை எண்ணிப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: குறிப்பிட்ட ஒரு பொருளைப் பற்றிக் குறிப்பிட்ட சான்று வந்தால் அந்தப் பொருளின் மீதுள்ள நம்பிக்கை அன்றோடு முறிய வேண்டும். ஒருவர் ஏமாற்றினார் என்பதால் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்று பொருளாகாது. சான்று வந்த பின்னும் உண்பது அலட்சியம். சான்றே வராமல் எல்லாவற்றையும் விலக்குவது மனிதரின் மேல் தவறான எண்ணம் கொள்வது, அதையும் குர்ஆன் தடுக்கிறது.

தவறான எண்ணத்துக்கு இரையாவது எப்படி இருக்கும் என்பதைச் சேலத்துக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசிய இறக்குமதி நின்றபோது இங்கே வேரூன்றிய ஜவ்வரிசித் தொழில், இன்று இந்த மாவட்டங்களின் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. 1981-இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவு அதன் சந்தை. சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. வட இந்தியாவில் ஏகாதசி போன்ற விரத நாட்களில் உண்ணப்படும் முதன்மையான உணவு இது. ஆனால் அங்கே பல ஆண்டுகளாக ஒரு செய்தி சுற்றி வருகிறது: சேலத்தின் சாலையோர ஆலைகளில் மாவு தொட்டிகளில் அழுகவிடப்படுகிறது, அதில் நெளியும் புழுக்களோடு சேர்த்து மிதிக்கப்படுகிறது, ஆகவே ஜவ்வரிசி சைவமே இல்லை என்று. கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, பாலை வடிகட்டி, படியவைத்து, உருட்டி, வறுத்து, காயவைக்கும் தொழிலைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய பொய் என்று புரியும். வெண்மைக்காக வேதிப்பொருள் கலக்கும் சில ஆலைகளின் மீது உணவுப் பாதுகாப்புத் துறை நடவடிக்கை எடுத்ததுண்டு, அது உண்மையான குறை, அதற்கு உண்மையான சான்று இருந்தது. புழுக் கதைக்கு அப்படி எதுவும் இல்லை. எங்கோ இருக்கும் பக்தர் ஒருவர் தூய்மையான நோக்கத்தோடு அந்தக் கதையை நம்பி ஜவ்வரிசியை ஒதுக்கும்போது, ஆத்தூரிலோ ராசிபுரத்திலோ ஒரு விவசாயியின் கிழங்கு விலை குறைகிறது. நோக்கம் தூய்மையானது என்பதால் அவதூறு அவதூறாக இல்லாமல் போய்விடாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது. ஹலால் தெளிவானது, ஹராம் தெளிவானது, இரண்டுக்கும் நடுவில் சந்தேகமானவை உண்டு, அவற்றைத் தவிர்ப்பவர் தன் மார்க்கத்தைக் காத்துக்கொள்கிறார் என்ற கருத்துள்ள நபிமொழி புகழ்பெற்றது. அதன்படி 471 என்று கண்டதும் ஒதுக்கிவிடுவதுதானே பாதுகாப்பு? பேணுதல் உயர்ந்த குணம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஒருவர் தனக்காக எவ்வளவு பேணினாலும் அது அவருக்கும் இறைவனுக்கும் இடையில் உள்ளது. ஆனால் அந்த நபிமொழியில் வரும் சந்தேகம் எது என்பதை அறிஞர்கள் சும்மா விட்டுவிடவில்லை. சான்றுகள் இரு பக்கமும் இழுக்கும் இடமே சந்தேகத்துக்குரிய இடம். சான்றே இல்லாத இடத்தில் மனம் கிளப்பும் ஐயத்துக்கு வஸ்வாஸ் என்று பெயர். இமாம் கஸ்ஸாலி தன் இஹ்யாவில் ஹலால், ஹராமுக்கென்றே ஒரு தனி நூற்பகுதி ஒதுக்கி, பேணுதலின் படிகளை விரிவாக வகுக்கிறார். வேட்டையாடிய மான் யாருக்கோ சொந்தமாயிருந்து தப்பி வந்ததாக இருக்குமோ என்று அஞ்சி உண்ணாதிருப்பதை அவர் பேணுதலில் சேர்க்கவில்லை, வஸ்வாஸில் சேர்க்கிறார். அப்படி ஓர் அடையாளம் மானின் மேல் இருந்தால் கதை வேறு. பழுப்பு முக்கோணம் அப்படிப்பட்ட ஓர் அடையாளம், 471 என்ற எண் அடையாளம் ஆகாது.

அந்தக் காலத்தில் உணவு எளிமையானது, இன்றைய தொழிற்சாலை உணவுக்கு அந்த விதிகள் பொருந்தாது என்று இதற்குப் பதில் வரும். எளிமையானதா? பாலைத் திரித்துப் பாலாடைக்கட்டி ஆக்குவதற்கு இளங்கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ஒரு பொருளைச் சேர்ப்பார்கள். ஏழாம் நூற்றாண்டின் சேர்க்கைப் பொருள் அது. கன்று எப்படி அறுக்கப்பட்டது, யார் அறுத்தது என்பது கட்டியைப் பார்த்தால் தெரியாது. தபூக் படையெடுப்பின்போது பாலாடைக்கட்டி கொண்டுவரப்பட்டதையும், நபி (ஸல்) கத்தி கேட்டு வாங்கி பிஸ்மி சொல்லி வெட்டியதையும் அபூதாவூது பதிவு செய்கிறார். பாரசீக நிலத்துப் பாலாடைக்கட்டி பற்றிய கேள்வி தோழர்களின் காலத்திலேயே விவாதமானது. இரைப்பைச் சாறு தூய்மையானதே என்று அபூஹனீஃபா சொன்னார், மறுத்தவர்களும் இருந்தார்கள். ஆக, கண்ணுக்குத் தெரியாத மூலத்திலிருந்து வந்த மிகச் சிறிய அளவுச் சேர்மானம் என்ற கேள்வி நம் தலைமுறைக்கு மட்டும் நேர்ந்த சோதனையாகாது. முந்தையவர்கள் அதைச் சந்தித்தார்கள், வாழ்க்கை முடங்காத வகையில் பதிலும் சொன்னார்கள்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய சான்றாகத் தெரிவது முவத்தாவில் வரும் ஒரு நிகழ்ச்சி. உமர் (ரலி) ஒரு பயணக் கூட்டத்தோடு குளம் ஒன்றுக்கு வந்தார்கள். உடன் இருந்த அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) குளத்துக்குரியவரிடம், கொடிய விலங்குகள் இங்கே நீர் குடிக்க வருவதுண்டா என்று கேட்டார்கள். உமர் குறுக்கிட்டு, அதை எங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று அந்த உரிமையாளரைத் தடுத்துவிட்டார்கள். விவரம் தெரிந்தவர் எதிரே நிற்கிறார், கேள்வியும் கேட்கப்பட்டாயிற்று, இருந்தும் அந்த விவரம் தேவையில்லை என்கிறார் இரண்டாம் கலீஃபா. வெளிப்பட்டால் உங்களுக்குத் துன்பம் தரக்கூடியவற்றைக் கேட்காதீர்கள் என்ற கருத்துள்ள மாயிதா 101-ஆம் வசனத்தின் மணம் அந்தச் செயலில் வீசுகிறது. ஆனால் இந்த இடத்தில் நான் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதே சான்று என் வாதத்தின் மறுபாதிக்கு எதிராகத் திரும்பக்கூடியது. கேட்கவே வேண்டாம் என்றால் நிறுவனத்திடம் கணக்குக் கேட்பது எதற்கு? குளத்துக்கும் பாக்கெட்டுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் பதில் இருக்கிறது. குளத்தில் எதையும் யாரும் கலக்கவில்லை, மறைக்கவும் இல்லை. விலங்கு வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம், அது இயற்கையின் நடமாட்டம். 471-ஐ எதிலிருந்து செய்தார்கள் என்பது வாங்கிய நிறுவனத்தின் கொள்முதல் ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது. அறிந்தே ஒருவர் சேர்த்த பொருள் அது, அறிந்தே அதை எண்ணுக்குள் வைத்தார். சரக்கின் குறையை மறைத்து விற்பதை நபி (ஸல்) கடைத்தெருவிலேயே கண்டித்தார்கள். ஈரமான தானியத்தை உலர்ந்ததன் அடியில் மறைத்த வணிகரை, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் இல்லை என்ற கருத்துப்பட எச்சரித்த செய்தி எல்லாருக்கும் தெரியும். அங்கே கண்டனம் வாங்குபவரின் மேல் விழவில்லை. தானியத்தின் அடிவரை கையை விட்டுப் பார்த்தது வாங்க வந்தவரும் இல்லை, சந்தையின் ஒழுங்குக்குப் பொறுப்பாயிருந்த தலைவர்.

இந்தியச் சட்டமே இந்தப் பொறுப்பைப் பாதி ஒப்புக்கொண்டிருக்கிறது. பன்றிக் கொழுப்பும் மாட்டுக் கொழுப்பும் சேர்ந்திருந்தால் பொதுப்பெயரில் மறைக்காமல் தனிப்பெயர் சொல்லியே எழுத வேண்டும் என்பது லேபிள் விதி. அதே கொழுப்பு வேதிவினைக்கு உட்பட்டு 471 ஆனதும் அந்தக் கட்டாயம் நழுவிவிட்டது, எண்ணை அச்சிட்டால் போதும் என்றிருந்தது. இந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டியது முஸ்லிம் அமைப்பு இல்லை. பசுப் பாதுகாப்பில் ஈடுபட்ட ராம் கௌ ரக்ஷா தளம் என்ற அமைப்பு டெல்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2021 டிசம்பரில் நீதிமன்றம், எண்ணால் மட்டும் குறித்தால் போதாது, சேர்மானம் தாவரத்திலிருந்தா விலங்கிலிருந்தா என்பதையும் சொல்ல வேண்டும், அளவு எவ்வளவு சிறிதானாலும் சொல்ல வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த வழக்கில் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்டதும் 631-தான். பசுவைப் போற்றுபவரும் பன்றியை விலக்குபவரும், கிழங்கைக்கூட ஒதுக்கும் சமணரும், வடலூர் வழியில் புலால் மறுத்தவரும் ஒரே வரியைக் கேட்டு நிற்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது. ஆளுக்கொரு விதி இருக்கட்டும், மூலம் எது என்ற உண்மை எல்லாருக்கும் ஒன்றுதான்.

மூலம் தெரிந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடுமா என்றால், இல்லை. அதன் பிறகே ஆலிம்களின் உண்மையான வேலை தொடங்குகிறது. ஜெலட்டின் இதற்குச் சரியான உதாரணம். இந்தியாவில் ஜெலட்டின் பெரும்பாலும் மாட்டு எலும்பிலிருந்து வருகிறது, கேரளத்தின் காதிக்குடத்தில் எலும்பைப் பதப்படுத்தும் ஆலை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அந்த எலும்பு பிஸ்மி சொல்லி அறுத்த மாட்டுடையதா, தானாகச் செத்த மாட்டுடையதா என்பது குவியலில் கலந்துவிடுகிறது. இந்தச் சமவெளியின் ராவுத்தர்களும் உருது பேசும் முஸ்லிம்களும் பெரும்பாலும் ஹனஃபிகள். காயல்பட்டினம், நாகூர், கீழக்கரைக் கடற்கரை மக்கள் பெரும்பாலும் ஷாஃபிகள். பன்றி தவிர மற்ற விலங்குகளின் உலர்ந்த எலும்பு, செத்ததாயிருந்தாலும் அசுத்தமில்லை என்பது ஹனஃபிகளின் நிலை. ஷாஃபிகளோ அதை அசுத்தம் என்கிறார்கள். ஒரு பொருள் முற்றிலும் வேறொன்றாக உருமாறினால் பழைய விதி நீங்கிவிடும் என்பதை ஹனஃபிகள் விரிவாக ஏற்கிறார்கள். ஷாஃபிகள் அதை மது தானாகக் காடியாவது போன்ற சில இடங்களோடு நிறுத்துகிறார்கள். எலும்பு ஜெலட்டின் ஆவது அத்தகைய உருமாற்றமா என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. 1995-இல் குவைத்தின் இஸ்லாமிய மருத்துவ அறிவியல் அமைப்பு கூட்டிய கருத்தரங்கு உருமாற்றம்தான் என்று சொன்னது, அதை ஏற்காத சட்ட மன்றங்களும் உண்டு. என் சார்பு எங்கே என்று கேட்டால், வேறு வழியில்லாத கேப்சூல் மருந்துக்கு அந்தச் சலுகையை எடுத்துக்கொள்வேன், குழந்தை கேட்கும் ஜெல்லி மிட்டாய்க்கு எடுத்துக்கொள்ள மாட்டேன். மிட்டாய் இல்லாமல் வாழலாம், பழுப்புக் குறியும் முன்னாலேயே நிற்கிறது. ஆனால் இன்னோர் இமாமின் கருத்தைப் பின்பற்றி உண்பவரை ஹராம் தின்றவர் என்று சொல்ல எனக்கோ யாருக்கோ உரிமையில்லை.

உருமாற்றத்தைப் பற்றிய இந்த வேறுபாடு ஒரு நாட்டையே அதிரவைத்த சம்பவம் இந்தோனேசியாவில் நடந்தது. அங்கே அஜினோமோட்டோ நிறுவனம் சுவை உப்பைத் தயாரிக்கப் பயன்படும் நுண்ணுயிரை வளர்க்கும் ஊட்டத்தில், பன்றி நொதியின் துணையோடு செய்த ஒரு பொருளைச் சேர்த்திருந்தது. உப்பில் பன்றியின் சுவடே இல்லை. இருந்தும் அந்நாட்டின் உலமா மன்றம் ஹராம் என்று அறிவித்தது. 2001 ஜனவரியில் கடைகளிலிருந்து சரக்கு திரும்பப் பெறப்பட்டது, நிறுவன அதிகாரிகள் தடுத்து வைக்கப்பட்டார்கள். அன்றைய அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹித் மார்க்க அறிஞரும்கூட. அவர் அது ஹலால்தான் என்றார். சட்ட நுணுக்கத்தில் வாஹிதின் பக்கம் வலு இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஆனால் மக்களின் கோபத்துக்கு நுணுக்கம் காரணமில்லை. ஹலால் சான்று பெற்ற பிறகு, சான்று தந்தவர்களுக்குச் சொல்லாமல் மூலப்பொருளை மாற்றியதே அவர்களைப் புண்படுத்தியது. அடிப்படைப் பிரச்சினை இரசாயனத்தில் இல்லை, சொல் தவறியதில் இருக்கிறது.

அப்படியானால் ஹலால் சான்றிதழே தீர்வாகாதா? அது பயனுள்ளது, குறிப்பாகக் கறி, ஜெலட்டின், கோழிச் சாறு சேர்ந்த பொருட்களுக்கு. சான்றிதழ் மற்றவர்களின் மேல் மதத்தைத் திணிக்கிறது என்ற எதிர்ப்பை நான் ஏற்கவில்லை, பச்சைக் குறி முஸ்லிமின் மேல் சைவத்தைத் திணிக்கவில்லையே! இலங்கையில் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா வழங்கி வந்த ஹலால் முத்திரைக்கு எதிராகப் பொதுபல சேனா என்ற அமைப்பு கிளப்பிய பகை 2013 மார்ச்சில் உள்நாட்டுப் பொருட்களிலிருந்து அந்த முத்திரையை விலக்கிக்கொள்ள வைத்தது. உணவைப் பற்றிய விவரத்தை அழித்ததால் அங்கே யாருக்கும் நன்மை விளையவில்லை. உத்தரப் பிரதேச அரசு 2023 நவம்பரில் ஏற்றுமதிக்கு மட்டும் விலக்களித்து ஹலால் சான்று பெற்ற பொருட்களைத் தடை செய்ததும் அதே வகைத் தவறு. ஆனால் நம் பக்கத்திலும் ஒரு குறை இருக்கிறது, அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அரிசிக்கும் உப்புக்கும் தண்ணீருக்கும் முத்திரை குத்துவது, முத்திரை இல்லாத அரிசி ஹராமோ என்ற எண்ணத்தை விதைக்கிறது. இயல்பிலேயே அனுமதிக்கப்பட்டதை அனுமதி கேட்டு நிற்கும் நிலைக்குத் தள்ளுகிறது. சேலம் லீ பஜாரிலிருந்து மூட்டையாக வரும் துவரைக்குச் சான்று தேவை என்று ஒரு தலைமுறை நம்பத் தொடங்கினால், அந்நஹ்ல் வசனம் தடுத்த இடத்துக்கே நாம் வேறு பாதையில் போய்ச் சேர்ந்திருப்போம். ஆலைச் சர்க்கரையைச் சலவை செய்ய எலும்புக்கரி சேர்ப்பதாகச் சுற்றும் பேச்சும் இந்த வகையே. வேறு நாடுகளில் அந்த முறை உண்டு. நம் நாட்டு ஆலைகள் பெரும்பாலும் சுண்ணாம்பும் கந்தகப் புகையும் கொண்டே சாற்றைத் தெளியவைக்கின்றன.

பச்சைக் குறி பேசாமல் விடும் இடங்களும் உண்டு, உண்மையான விசாரணை அங்கேதான் தேவை. சாக்லேட்டுக்கும் மிட்டாய்க்கும் பளபளப்பு தரும் அரக்கு, பூச்சியின் சுரப்பு. சட்டம் அதைச் சைவத்தில் சேர்த்துவிட்டது. தேனைப் போன்ற சுரப்பே என்று அனுமதிக்கும் ஆலிம்கள் இருக்கிறார்கள், தயங்குபவர்களும் இருக்கிறார்கள். இதைவிடக் கனமானது மதுசாரம். பொருள் தாவரத்திலிருந்து வந்ததா என்பதையே குறி சொல்லும், போதை தருவதா என்பதை அது பார்ப்பதில்லை. வெனிலா போன்ற சுவையூட்டிகளைக் கரைத்து வைக்க எத்தில் மதுசாரம் பயன்படுகிறது, லேபிளில் சுவையூட்டி என்ற ஒரு சொல்லுக்குள் அது மறைந்துவிடுகிறது. திராட்சையிலிருந்தும் பேரீச்சையிலிருந்தும் வராத மதுசாரத்தை, போதை தராத அளவில், மருந்திலும் நறுமணத்திலும் அனுமதிக்கும் கருத்தை இக்கால ஹனஃபி அறிஞர் முஃப்தி தகீ உஸ்மானி போன்றவர்கள் முன்வைக்கிறார்கள். அதை உணவுக்கும் நீட்டலாமா என்பது திறந்த கேள்வி. இந்த இரண்டுக்கும் வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் போன்ற மதரஸாக்களில் கற்ற ஆலிம்கள் பதில் சொல்ல வேண்டுமானால் முதலில் அவர்களுக்கு விவரம் வேண்டும். அந்த விவரத்தைப் பெறும் வழி ஒவ்வொரு பாக்கெட்டிலும் அச்சாகியிருக்கிறது: புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் கொடுத்தே ஆக வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதி. தனித்தனியே நூறு பேர் பட்டியலை அனுப்பிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக, மேட்டூரின் ஜமாஅத் ஒன்று இங்கே அதிகம் விற்கும் பிஸ்கட்டுகளையும் நூடுல்ஸையும் எடுத்துக்கொண்டு, இதன் 471 எந்தக் கொழுப்பிலிருந்து வந்தது, சுவையூட்டியைக் கரைக்க எதைப் பயன்படுத்துகிறீர்கள் என்று எழுத்தில் கேட்கலாம். வரும் பதிலைப் பள்ளிவாசலின் அறிவிப்புப் பலகையில் தேதியோடு ஒட்டலாம். பதில் தராத நிறுவனத்தின் பெயரையும் அதன் கீழேயே எழுதலாம்.